எந்த வேலைக்கு எந்தப் பசை?

(பசுமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், சிரட்டைக் கைவினை செய்யும் உற்பத்திக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, வங்கி இணைப்பு, சந்தை என்று மாதம் மாதம் பேசுகிறோம். இன்றைக்கு ரொம்பச் சின்ன விஷயம் ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். அது பசை. "பசையைப் பற்றிப் பேச என்ன இருக்கு? கடையில கேட்டா குடுக்கப் போறான்" என்று நினைப்பீர்கள். அந்த நினைப்பில்தான் நம் பொருள்கள் பல கெட்டுப் போகின்றன.

சிரட்டைப் பொருளோ, சணல் பையோ, காகிதக்கூழ் பொம்மையோ, நாள் முழுக்க உட்கார்ந்து இழைத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுக்கிறோம். வாங்கியவர் வீட்டில் ஒரு மாதத்தில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டால், "பசை சரியில்லை" என்று அவர் சொல்ல மாட்டார். "குழுப் பொம்பளைங்க செஞ்சது இப்படித்தான் இருக்கும்" என்றுதான் சொல்வார். பத்து ரூபாய்ப் பசை நம் எல்லோருடைய பேரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பொருளுக்கு வாங்கிய கடனின் தவணையும் அதன் மேல்தான் நிற்கிறது.

நமக்குப் புதுசு இல்லை

பசை நமக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. இந்த வட்டாரமே பசை தெரிந்த வட்டாரம்.

பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கும் பேர் போன ஊர். அங்கே மண் பொம்மையோடு காகிதக்கூழ் பொம்மையும் செய்கிறார்கள். ஊறவைத்து அரைத்த காகிதத்தை மாவுப் பசையோடும் சுண்ணாம்புத் தூளோடும் பிசைந்து அச்சில் அப்பினால், காய்ந்தபின் கல் மாதிரி நிற்கும். பசுமலையிலேயே அமெரிக்க மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் இருந்தது. அச்சகம் இருந்தால் பைண்டிங் இருக்கும், பைண்டிங் இருந்தால் அடுப்பில் மாவுப் பசை கொதிக்கும்.

தெற்கே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மைதாப் பசையால் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக் கொடுத்தவர்கள் பெண்கள்தான். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டது. தச்சர்கள் மாட்டுத்தோல், எலும்பில் இருந்து எடுத்த வச்சிரத்தைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாக்கி மரத்தை ஒட்டினார்கள். பத்தர்கள் அரக்கு வைத்தார்கள்.

நம் பெரியவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பசையை வைத்திருந்தார்கள். வச்சிரத்தை வைத்துப் புத்தகம் ஒட்டவில்லை, மைதாவை வைத்து நாற்காலிக் கால் ஒட்டவில்லை. இன்றைக்கு நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே டியூபைத் தேடுகிறோம்.

ஒரு கடைக்காரர் கேட்ட கேள்வி

சுற்றுலாப் பயணிகளுக்குக் கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடைக்காரர் எங்கள் குழுவிடம் கேட்டார்: "சிரட்டையிலும் மரத்திலும் இவ்வளவு செய்றீங்களே, சுங்கான் செஞ்சு தர்றீங்களா? வெளிநாட்டுக்காரங்க விரும்பி வாங்குவாங்க. ரெண்டு துண்டை ஒட்டினா முடிஞ்சுது." சுங்கான் என்றால் புகையிலை போட்டுப் பிடிக்கிற குழாய். பழைய படங்களில் துரைமார் வாயில் வைத்திருப்பார்களே, அது.

செய்வதா வேண்டாமா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். "ஒட்டினா முடிஞ்சுது" என்றாரே, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விசாரித்தோம். அதில் கற்றது நம் எல்லாப் பொருளுக்கும் உதவுகிறது.

சுங்கானில் நெருப்பு இருக்கிறது, எச்சில் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. கிண்ணத்தில் கங்கு பல நூறு டிகிரி சூட்டில் எரியும். அந்தப் புகை குழாய் வழியாக நேரே நெஞ்சுக்குள் போகும். ஆகவே நல்ல சுங்கான் செய்கிறவர்கள் நெருப்புப் பக்கம் பசையைக் கொண்டு போவதே இல்லை. கிண்ணத்தை ஒரே கட்டையில் குடைவார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டை சூடு தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயில் வைக்கும் தண்டை ஒட்டாமல், அளவு பார்த்து இறுக்கமாகச் செருகுவார்கள். அப்போதுதான் கழற்றிக் கழுவ முடியும். பசை வைத்தாலும் அழகுக்குப் போடும் வளையம் மாதிரி வெளிப்பக்கம், சூடு எட்டாத இடத்தில் மட்டும் வைப்பார்கள்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில், 1869-ல் தொடங்கி மக்காச்சோளக் கட்டையில் சுங்கான் செய்கிறார்கள். சோளம் உதிர்த்தபின் நாம் அடுப்பில் போடுகிற அதே கட்டைதான். அதில் உள்ள சந்துகளை அடைக்க வெளிப்பக்கம் பிளாஸ்டர் பூசும் முறைக்கு 1878-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். நெருப்பு படுகிற உள்பக்கத்துக்குப் பசை போகவில்லை.

நம் நாட்டில் உக்காவுக்குத் தண்ணீர்க் குடுவையாகத் தேங்காய்ச் சிரட்டையையே வைத்தார்கள். பாரசீகத்தில் தேங்காய்க்கு நார்கில் என்று பேர், அதிலிருந்துதான் உக்காவுக்கு நர்கிலே என்ற பேர் வந்தது. சிரட்டையும் குழாயும் சேரும் இடத்தில் துணி சுற்றி இறுக்கிச் செருகினார்கள்.

கடைக்காரருக்கு "சுங்கான் வேண்டாம், வேற பொருள் தர்றோம்" என்று பதில் சொல்லிவிட்டோம். பீடி சுற்றிய கைகள் நம் குழுக்களில் உண்டு. புகையிலைத் தூசி நெஞ்சை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி ஒரு பாடத்தை விட்டுப் போனது. பசையை எடுக்கும் முன் அந்தப் பொருள் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: எதையும் எதையும் ஒட்டுகிறோம்? காகிதம், துணி, மரம், சணல் இவை உறிஞ்சும் பொருள்கள். கண்ணாடி, இரும்பு, பிளாஸ்டிக், மெருகேற்றிய சிரட்டை இவை உறிஞ்சாத பொருள்கள். தண்ணீரில் கரைந்த பசை காய வேண்டுமானால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். இரண்டு பக்கமும் உறிஞ்சாத பொருளாக இருந்தால் நடுவில் ஈரமாகவே கிடக்கும்.

இரண்டாவது கேள்வி: ஒட்டிய பிறகு அது எதைத் தாங்கணும்? தண்ணீரா, சூடா, வெயிலா, இழுப்பா, கீழே விழுவதா, வாயில் படுவதா?

மூன்றாவது கேள்வி: காய எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்? அவசரத்துக்கு ஒட்டுவது அவசரமாகவே கழன்று வரும்.

இப்போது பசைகளைப் பார்ப்போம்

மாவுப் பசை: காகிதக் கவர், அட்டைப் பெட்டி, காகிதக்கூழ் வேலைக்கு இதைவிட மலிவு கிடையாது. 100 கிராம் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் பளபளப்பாகத் திரண்டு வரும். ஒன்றிரண்டு நாளில் புளித்துவிடும், ஆகவே அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். மயில்துத்தம் விஷம். உணவு வைக்கிற கவருக்கும் குழந்தை விளையாடுகிற பொம்மைக்கும் அதைப் போடவே கூடாது. கலந்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது.

புளியங்கொட்டைப் பசை: கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது. மைதாவைவிட இழுவை அதிகம். துணியைப் பலகையில் ஒட்டவும், பொம்மைக்கு அடிப்பூச்சு போடவும் நல்லது. நம் ஊரில் புளிக்குப் பஞ்சமில்லை, கொட்டையைத் தூக்கித்தான் போடுகிறோம். இந்த இரண்டு பசைக்கும் தண்ணீர்தான் எதிரி, நனைந்தால் விட்டுவிடும்.

வெள்ளைப் பசை: ஃபெவிக்கால் என்று நாம் பொதுவாகச் சொல்வது. 1959-ல் அந்தப் பேரில் சந்தைக்கு வந்தது, வச்சிரம் காய்ச்சிக்கொண்டிருந்த தச்சர்களின் வேலையை எளிதாக்கியது. மரத்துக்கு மரம், மரத்துக்குத் துணி, சணல், அட்டை எல்லாவற்றுக்கும் நல்லது. நாற்றம் குறைவு, கையில் பட்டால் தண்ணீரில் போய்விடும். ஒட்டி இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். சாதாரண வகை தண்ணீருக்கும் சூட்டுக்கும் இளகும். தண்ணீர் தாங்கும் வகை தனியாக விற்கிறது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயக் கூடுதல் நேரம் ஆகும்.

உடனடிப் பசை: ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குச் சின்ன டியூபில் வருகிறதே, ஃபெவிக்விக் மாதிரி. 1942-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த சரக்கு, 1958-ல் விற்பனைக்கு வந்தது. காற்றில் உள்ள ஈரத்தை வைத்தே நொடியில் இறுகும். நேராக இழுத்தால் வலுவாக நிற்கும், ஆனால் கண்ணாடி மாதிரி முறுகல். பக்கவாட்டில் நெம்பினாலும் கீழே விழுந்தாலும் பட்டென்று விட்டுவிடும். காதணியில் சின்ன மணி பதிக்கலாம். கைப்பிடிக்கு இது ஆகாது. மெருகேற்றிய பொருளில் அளவுக்கு மேல் வைத்தால் சுற்றிலும் வெள்ளை பூத்து அழகைக் கெடுக்கும்.

இரட்டைக் குழாய்ப் பசை: அரால்டைட் மாதிரி, ஒன்று பிசின், ஒன்று இறுக்கி. உறிஞ்சாத பொருளுக்கும், சந்து உள்ள இடத்துக்கும் இதுதான் கெட்டி. சிரட்டைக்கு அடிப்பாகம் வைக்க, சிரட்டையையும் உலோக வளையத்தையும் சேர்க்க நாங்கள் இதைத்தான் எடுக்கிறோம். டியூபில் சரிபாதி என்று போட்டிருந்தால் சரிபாதிதான். "இறுக்கியைக் கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் காயும்" என்று நினைக்காதீர்கள். கூடினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். சிரட்டையைத் தேய்க்கும்போது விழும் தூளைச் சலித்து இதோடு குழைத்தால், கீறலையும் ஓட்டையையும் அதே நிறத்தில் அடைக்கலாம்.

ரப்பர் பசை: செருப்பு, ரெக்சின், தோல், ஃபோம் ஒட்டும் மஞ்சள் சொலூஷன். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிடிக்காது. வளைகிற பொருளுக்கு நல்லது. தீப்பற்றும் சரக்கு, புகையும் கெடுதல்.

துப்பாக்கிப் பசை: மின்சாரத்தில் உருகி வரும் குச்சி. பூ, அலங்காரம், மாலை வேலைக்கு வேகம். ஆனால் சூட்டில் உருகி வந்தது சூட்டிலேயே இளகும். சித்திரை வெயிலில் கதவை மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதற்குள் இந்தப் பசையால் ஒட்டிய பொருளை வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டு போனால், போய்ச் சேரும்போது பூ தனி, கூடை தனி.

சாம்பார் கரண்டிக்கு எந்தப் பசை?

இது எல்லாரும் கேட்கிற கேள்வி. எங்கள் பதில்: எந்தப் பசையும் வேண்டாம்.

மேலே சொன்ன கடைப் பசைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரியில் தளர ஆரம்பிக்கும். கொதிக்கிற சாம்பார் 90-க்கு மேல். சுங்கானுக்குச் சொன்ன அதே நியாயம் இங்கேயும் வருகிறது. சூடும் வாயும் சேருகிற இடத்தில் பசை கூடாது. "உணவில் படலாம்" என்று டப்பாவிலேயே தெளிவாக எழுதாத எந்தப் பசையையும் உணவு தொடும் இடத்தில் வைக்கக் கூடாது. காய்ந்தபின் ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது.

அப்படியானால் கைப்பிடி எப்படி நிற்கும்? நம் பாட்டி வீட்டு அகப்பையைப் பாருங்கள். சிரட்டையின் விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை. மூங்கிலோ மரக்குச்சியோ ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் வெளியே வரும். அங்கே ஒரு சின்ன ஆப்பு. குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த குச்சியை இறுக்கமாகச் செருகினால், குழம்பில் நனைந்ததும் ஊதி இன்னும் இறுகும். ஈரக் குச்சியைச் செருகினால், காய்ந்து சுருங்கி ஆடும். சூத்திரம் அவ்வளவுதான். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பார்கள். அகப்பையே கையில் நின்றால்தானே வரும்!

கிண்ணத்துக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. சிரட்டைக் கிண்ணம் உருளாமல் நிற்க அடியில் வளையம் ஒட்டுகிறோம். கண்காட்சியில் அழகாக இருக்கும். ஆனால் வெந்நீரில் கழுவிக் கழுவி ஒருநாள் கழன்று வரும். ஒட்டாமல், கயிற்றுப் பிரிமணை ஒன்று திரித்துக் கிண்ணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பானைக்கு வைப்பதுதானே! கயிறு திரிக்கும் குழுவுக்கும் வேலை கிடைக்கும். வளையம் ஒட்டித்தான் ஆகணும் என்றால், வெளிப்பக்கம் மட்டும் இரட்டைக் குழாய்ப் பசை வைத்து, "சூடான பொருள் வேண்டாம், ஊறவைக்க வேண்டாம்" என்று சீட்டு எழுதி வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால்

நல்ல பசையும் அழுக்கின் மேல் ஒட்டாது. சிரட்டையில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். நாரையும் உள்பக்கத் தோலையும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயப் போடுங்கள். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேயுங்கள். மெருகு போட்டபின் ஒட்டாதீர்கள், ஒட்டியபின் மெருகு போடுங்கள். தேய்த்த தூளைத் துணியால் துடைத்தபின் அந்த இடத்தைக் கையால் தொட வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்த கையில் பிசுக்கு இருக்கும்.

இரண்டு துண்டும் பசை இல்லாமலே ஒழுங்காகப் பொருந்த வேண்டும். பொருந்தாததைப் பசையால் நிரப்பிச் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் அந்த இடமே பலவீனம். பசை மெல்லிசாக, எல்லா இடமும் பரவியிருந்தால் போதும்.

இறுக்கிப் பிடிக்க விலை உயர்ந்த கிளாம்ப் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றிக் கட்டினால், உருண்டைச் சிரட்டையையும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும். அட்டைக்கும் துணிக்கும் துணிக் கிளிப் போதும். மேலே மூன்று செங்கல் வைத்தாலும் சரி. ஆனால் காயும்வரை தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

விற்பதற்கு முன் நாமே உடைத்துப் பார்ப்போம்

வாங்குகிறவர் உடைத்துப் பார்ப்பதற்கு முன் நாம் உடைத்துப் பார்க்க வேண்டும். புதுப் பொருளோ புதுப் பசையோ வந்தால் ஐந்து துண்டு கூடுதலாகச் செய்து, இரண்டு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வையுங்கள்.

1. தண்ணீர்ச் சோதனை: இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் இழுத்துப் பாருங்கள்.
2. வெந்நீர்ச் சோதனை: கொதித்து இறக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, சூட்டோடு இடுக்கியால் பிடித்து அசைத்துப் பாருங்கள். 
3. வெயில் சோதனை: தகரப் பெட்டியில் மூடி, உச்சி வெயிலில் மூன்று மணி நேரம்.
4. விழும் சோதனை: இடுப்பு உயரத்தில் இருந்து சிமெண்டுத் தரையில் மூன்று தடவை போடுங்கள்.
5. எடைச் சோதனை: கைப்பிடியில் ஒரு கிலோ கல்லைக் கட்டி ஒரு நாள் தொங்க விடுங்கள்.

எல்லாப் பொருளும் எல்லாச் சோதனையும் தாங்க வேண்டியதில்லை. பேனா ஸ்டாண்டை யாரும் வெந்நீரில் போட மாட்டார்கள். அந்தப் பொருளின் வாழ்க்கையில் வரக்கூடிய சோதனையில் அது நிற்க வேண்டும். முடிவைக் குழுப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள்: என்ன பொருள், என்ன பசை, எத்தனை மணி நேரம் காய்ந்தது, எங்கே விட்டது. பசை போட்ட இடத்தில் விட்டதா, சிரட்டையே பிளந்ததா என்று பாருங்கள். சிரட்டை பிளந்து பசை நின்றால், அந்தப் பசைக்கு முழு மதிப்பெண்.

நம் கையும் கண்ணும் பிள்ளைகளும்

உடனடிப் பசையில் விரல் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தோல் உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் தெறித்தால் இமையைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். நக பாலிஷ் நீக்கி எதையும் கண் பக்கம் கொண்டு போகாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சிந்தினால் சுடச்சுடச் சூடேறும். மடியில் சேலை மேல் வைத்து ஒட்டுகிற பழக்கத்தை விடுங்கள். பலகை வைத்து ஒட்டுங்கள்.

இரட்டைக் குழாய்ப் பசையை வெறும் கையால் குழைக்காதீர்கள். சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும், ஒருமுறை அப்படி வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். குச்சியால் குழையுங்கள், கையுறை போடுங்கள். ரப்பர் பசையை அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு இருக்கிற அறையில் திறக்கவே கூடாது. காற்றோட்டமான திண்ணையில் வைத்து வேலை பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வேலை வேண்டாம், அவர்களுக்கு மெருகு வேலையோ கணக்கு வேலையோ கொடுங்கள். உப்புத்தாளில் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

ரப்பர் சொலூஷனை முகர்ந்து போதைக்கு அடிமையாகும் பையன்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்த டப்பா பூட்டுப் போட்ட பெட்டியில், கணக்கோடு இருக்க வேண்டும். நம் பிழைப்புக்கு வாங்கியது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கெடுக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்குப் புரிவதற்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். ஒரு பேனா ஸ்டாண்டு 60 ரூபாய். மலிவுப் பசை ஒன்றுக்கு 1 ரூபாய், நல்ல பசை ஒன்றுக்கு இரண்டரை ரூபாய். 100 ஸ்டாண்டுக்கு நல்ல பசையால் கூடும் செலவு 150 ரூபாய். மலிவுப் பசையில் நூற்றுக்குப் பத்து திரும்பி வந்தால் 600 ரூபாய் போச்சு. பஸ் செலவு, திரும்பச் செய்யும் கூலி தனி. அடுத்த தடவை அந்தக் கடையில் ஆர்டர் கிடைக்காமல் போவதைக் கணக்கில் எழுதவே முடியாது.

தனித்தனியாகச் சின்ன டியூப் வாங்கினால் விலை கூடும். ஐந்து குழு சேர்ந்து ஒரு கிலோ டப்பாவாக வாங்கினால் குறையும். ஆனால் திறந்த டப்பா அதிக நாள் தாங்காது, காலாவதித் தேதியும் இருக்கிறது. இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். தேதி தாண்டிய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

கூட்டமைப்பின் முன் எங்கள் கோரிக்கை

சகோதரிகளே, மூன்று தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று, சூடான உணவு படுகிற எந்தப் பொருளிலும் நம் கூட்டமைப்பின் பேரில் பசை வைத்து விற்கக் கூடாது. அகப்பை என்றால் துளை போட்டு ஆப்பு வைத்த அகப்பைதான். மலிவாகவும் வேகமாகவும் ஒட்டிக் கொடுங்கள் என்று எந்த வியாபாரி கேட்டாலும் இதே பதில்தான். இதனால் சில ஆர்டர் போகலாம். அது தெரிந்துதான் கேட்கிறோம்.

இரண்டு, ஒட்டிய பொருள் ஒவ்வொன்றோடும் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டு வரிச் சீட்டு போக வேண்டும்.

மூன்று, ஐந்து சோதனையும் முடித்துப் பதிவேட்டில் எழுதாத புதுப் பொருளை விற்பனைக்கு அனுப்பக் கூடாது.

இதில் மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம். ஒத்துக்கொண்டால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு உற்பத்திக் குழுவும் சோதனையில் உடைந்த துண்டு ஒன்றையும் உடையாத துண்டு ஒன்றையும் கையில் எடுத்து வாருங்கள். மேசையில் பரப்பி வைத்து எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். எந்தக் குழுவுக்குப் பயிற்சி வேண்டுமானாலும் சொல்லி அனுப்புங்கள், உப்புத்தாளும் டியூப் பட்டையும் எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.